சிரித்துக்கொண்டு கதைக்கச் சொன்னார்கள்

1

போன கிழமை என் மகள் ஹனா, என் உம்மாவின் மௌத்தை முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்கு விற்றுக்கொண்டிருந்தாள்.

கடுமையான சொல்தான். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய அறைக் கதவு திறந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் நிதித்துறை கடைசி வருடம் படிக்கிறாள். வேலை தேடுகிறாள். இந்த நாட்டில் நிதித்துறையில் வேலை தேடுவதென்றால் விண்ணப்பம் போடுவதல்ல. வங்கிகளில் வேலை செய்யும் ஆட்களைத் தேடிப் பிடித்து, பதினைந்து நிமிடம் தொலைபேசியில் கதைக்க நேரம் கேட்டு, வேலை வேண்டும் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கதைப்பது. நெட்வொர்க்கிங் கோல் என்று அதற்குப் பெயர்.

தன் குரலே இல்லாத ஒரு மினுக்கிய குரலில் அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "எங்கள் குடும்பம் சுனாமியில் எல்லாவற்றையும் இழந்தது. என் பாட்டி, என் சித்தி இருவரும் போய்விட்டார்கள். இடர் என்றால் என்ன என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். இடர் முகாமைத்துவத்தின் மீது எனக்கு ஆர்வம் வந்தது அப்படித்தான்."

அப்போது அவளுக்கு மூன்று வயது. சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கையைக் கழுவிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். அவள் அழைப்பை முடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

"ஆரோட கதைச்ச?"

"பேங்க்ல ஒரு டிரெக்டர், உம்மா. நல்லாப் போச்சி."

"மூத்தம்மாட கதை அந்தாளுக்கு என்னத்துக்கு?"

முகம் சுருங்கியது. "எல்லாரும் ஒரு ஸ்டோரி சொல்லணும் உம்மா. இல்லாட்டி அவங்க நம்மள மறந்திருவாங்க. அது என்ட ஸ்டோரியும்தானே?"

"அவட பேர் என்ன? சொல்லு பாப்பம்."

அவளுக்குத் தெரியவில்லை. பிறகு, "நீங்களும் இப்பிடித்தானே ஜொப் எடுத்த?" என்று கேட்டாள்.

நான் மீனுக்குத் திரும்பிப் போனேன். அந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஊரிலிருந்து பிள்ளைகள் எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பிள்ளைகள். 'ராத்தா, கனடாவில பேங்க் வேல எடுக்கிறதுக்கு ஆரோட எப்பிடிக் கதைக்கிற?' எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். இனிப்பாக இருக்காது.

2

சுனாமிக்கு முன் நான் கல்முனையில் ஒரு நிதிக் கம்பெனியின் கிளையில் கணக்குப் பகுதியில் இருந்தேன். சுனாமிக்குப் பிறகு, வீடு கட்டிக்கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் நிதி அலுவலரானேன். அழிவு வந்தபோது எங்கள் கரையில் வேலை வாய்ப்பும் வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்று நாட்டு நன்கொடையாளர்களுக்கு மூன்று விதமாக அறிக்கை எழுதி, அவர்கள் அனுப்பிய கணக்காய்வாளர்களோடு சண்டை பிடித்துக் கற்றுக்கொண்ட தொழில் அது.

உம்மாவும் தங்கச்சி ஸஹ்ராவும் அந்தக் காலை சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். உம்மாவின் மையத்து கிடைத்தது. தங்கச்சி கிடைக்கவில்லை. வாசிக்கும் உங்களுக்கும் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

2008 இலையுதிர்காலத்தில், நிபுணத்துவ விசாவில், கணவர் நஸீரோடும் ஹனாவோடும் டொரோண்டோவில் வந்து இறங்கினேன். உலகம் முழுக்க வங்கிகள் சரிந்துகொண்டிருந்த நேரம். என் தகுதிகளைப் பார்த்துத்தான் விசா தந்தார்கள். வந்து இறங்கியதும் அதே தகுதிகளை மதிப்பிட வேண்டும் என்று ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் மூலப் பிரதியைப் பல்கலைக்கழகமே நேரே அனுப்ப வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகம், நேரில் வந்து கேட்டால்தான் தரலாம் என்றது. விண்ணப்பித்த இடமெல்லாம் 'கனேடிய அனுபவம் உண்டா?' என்ற ஒரே பதில். கனடாவுக்கு நேற்று வந்தவளிடம் கனேடிய அனுபவம் கேட்பவர்கள், ஒன்றில் முட்டாள்களாக இருக்க வேண்டும் அல்லது 'வேண்டாம்' என்பதை மரியாதையாகச் சொல்பவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் முட்டாள்கள் இல்லை.

நஸீர் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நீயாவது உன்ட தொழிலுக்குப் போ, றமீஸா. ரெண்டு பேரும் விழுந்தா புள்ளைக்கு ஆரு?" என்பார்.

அதனால்தான் புதுக்குடியேறிகளுக்கான நிலையத்தில் டயானின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

3

டயான் கெட்டவள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்போதும் சிரித்த முகம். எங்களில் பலருக்கு அவள் கோட்டு தேடித் தந்தாள். வகுப்பில் ஒரு ஈரானிய வங்கி முகாமையாளர், ஒரு பிலிப்பைன்ஸ் கணக்காய்வாளர், கொலம்பியாவில் பங்குச் சந்தையில் இருந்த ஒரு பெண். எங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருக்க வைத்து, தொலைபேசியில் எப்படிக் கதைப்பது என்று படிப்பித்தாள்.

வேலை கேட்காதீர்கள், ஆலோசனை கேளுங்கள். அந்த ஆளைப் பற்றி முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போங்கள். அவர்களைத் தங்களைப் பற்றிக் கதைக்க விடுங்கள். முடியும்போது, வேறு யாரோடு கதைக்கலாம் என்று கேளுங்கள். அன்றைக்கே நன்றி சொல்லி எழுதுங்கள். இவற்றில் ஒன்றும் பிழையில்லை, பிள்ளைகளே. குறித்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் அவற்றைத்தான் சொல்வேன்.

ஆனால் அவள் இன்னும் இரண்டு சொன்னாள்.

ஒன்று: "சிரித்துக்கொண்டு கதையுங்கள். முகம் தெரியாவிட்டாலும் சிரிப்பு குரலில் கேட்கும்."

வீட்டில் பயிற்சி எடுத்தபோது ஹனா எனக்கு முன்னால் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் தொடங்கிய சில மாதங்களிலேயே அவளுடைய ஆங்கிலம் என்னுடையதை விட வழுக்கிக்கொண்டு ஓடியது. "உம்மா, யூ சவுண்ட் ஆங்ரி. சிரிங்க" என்பாள். அன்றிலிருந்துதான் அவள் என்னைத் திருத்தத் தொடங்கினாள். இன்னும் நிறுத்தவில்லை.

இரண்டாவது: ஒரு நாள் வகுப்பில் நான் எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். சுனாமி வந்த இடமா என்றாள். ஓம் என்றேன். அவளுடைய கண் கலங்கியது, உண்மையாகவே கலங்கியது. பிறகு சொன்னாள்: "றமீஸா, இது உன் பலம். முதல் நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிடு. யாரும் உன்னை மறக்க மாட்டார்கள்."

4

முதலாவது அழைப்பிலேயே என் வாய் என்னைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஆள் தன் பதவி உயர்வுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். நான் கேட்டுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியட்டும் என்று "ஓம்... ஓம்..." என்றேன். பழக்கம். அவன் நிறுத்தி, "நீங்கள் தியானம் செய்கிறீர்களா?" என்று கேட்டான். பிறகு தன் மனைவியின் யோகா வகுப்பைப் பற்றிக் கதைத்தான். முஸ்லிம் என்று சொன்னேன். உடனே நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் அவனை விடவும் மரியாதையானவர்கள். என் பெயரை ரமேஷா என்றார்கள், ராமிஸ் என்றார்கள். சந்தை மோசம் என்றார்கள். தொடர்பில் இருப்போம் என்று சொல்லிவிட்டு மறைந்து போனார்கள்.

குளிர்காலம் முடியும் நேரம் ஒரு பெரிய வங்கியின் அதிகாரி கிடைத்தார். அன்று எனக்குக் களைப்பு. வேறு ஒன்றும் பலிக்கவில்லை. டயான் சொன்னபடியே முதல் நிமிடத்தில் சொன்னேன்.

அவருடைய குரல் உடனே உயிர் பெற்றது.

"அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

சொன்னேன்.

"தொலைக்காட்சியில் பார்த்தது போலவே இருந்ததா?"

நான் தொலைக்காட்சி பார்க்கவில்லை என்றேன்.

"உடல்களைப் பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்றேன், சிரித்த குரலில். டயான் சொல்லித் தந்த சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, கழற்றத் தெரியவில்லை.

"உங்கள் தங்கை... அவர் எங்கேயாவது உயிரோடு இருக்கலாம் என்று எப்போதாவது நினைப்பீர்களா?"

அதற்கும் ஏதோ சொன்னேன். அந்த நேரம் முழுவதும் அதுதான். கணக்குப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் அவர் மூச்சை இழுத்துவிட்டு, "மிக்க நன்றி. என் நாளை மாற்றிவிட்டீர்கள்" என்றார். என் சுயவிபரக் கோவையை அனுப்பச் சொல்லவில்லை. அன்று மாலையே நன்றி சொல்லி எழுதினேன். பதில் வரவில்லை.

நஸீர் வேலையால் வந்து, எப்படிப் போனது என்று கேட்டார். "நல்லா" என்றேன். பிறகு குளியலறைக்குள் போய் வாயைக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன்.

5

2009 வைகாசி மாதம், வன்னியில் யுத்தம் முடியும் தறுவாய். டொரோண்டோவில் தமிழ்ச் சனம் வீதிகளில் இறங்கி நின்றது. அந்த நாட்களில்தான் ஈரானியர் ஒரு தொடர்பு தந்தார். மகேந்திரன், ஒரு வங்கியில் கடன் பகுதி முகாமையாளர். "உன் மொழிக்காரர்" என்று சொன்னார், ஏதோ பரிசு தருவது போல.

அழைத்தேன். மகேந்திரன் ஆங்கிலத்தில் தொடங்கி, நான் இலங்கை என்றதும் தமிழுக்கு மாறினார். எனக்கு முதுகு கொஞ்சம் தளர்ந்தது. அது நிலைக்கவில்லை.

"எந்த இடம் நீங்கள்?"

"கல்முனைப் பக்கம். சாய்ந்தமருது."

"ஓ. முஸ்லிம் ஆக்களோ?"

"ஓம்."

பிறகு சொன்னார்: "எங்கட சனம் அங்க கொத்துக் கொத்தாச் செத்துக்கொண்டிருக்கு. நீங்கள் எனக்குப் போன் எடுத்து வேலை விசாரிக்கிறியள்."

"சேர், இந்த நேரம் தந்தது நீங்கதான்."

"உங்கட ஆக்கள் ஊரில வெடி கொளுத்திக் கொண்டாடுகினமாம். உண்மையோ?"

இத்தனை மாதமாக ஒட்டி வைத்திருந்த சிரிப்பு அன்றைக்கு விழுந்தது. நான் நின்றுகொண்டு கதைத்தேன்.

"ஆர் கொளுத்தின எண்டு எனக்குத் தெரியா. நான் கொளுத்தல்ல. என்ட பெரிய மாமா சவளக்கடைப் பக்கம் வயலுக்குப் போய் மையத்தாத்தான் வந்தார். ஆர் சுட்ட எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கு நான் உங்களிட்டக் கணக்குக் கேக்கல்ல. நீங்க என்னட்டக் கேக்காதீங்க."

வெட்டப் போனேன். விரல் பொத்தானில் இருந்தது. அப்போது அவருடைய குரல் வேறு மாதிரி வந்தது.

"என்ர தங்கச்சி உள்ளுக்க நிண்டவள். மாசிக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை."

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். இரக்கம் வரவில்லை. அப்போதும் அவர் மேல் கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, எனக்கு வேலை தெரிந்த ஒரு விடயம் காதில் விழுந்தது.

"பேர் சொல்லுங்க" என்றேன்.

"என்ன?"

"தங்கச்சிட பேர். வயசு. அவவோட ஆரார் நிண்ட. கடைசியாக் கதைச்ச இடம். என்ன வேலை."

"நீங்கள் ஏன்..."

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க."

சொன்னார். வசந்தி. கணவன், ஒரு மகன், ஒரு மகள். வன்னியில் சின்ன வகுப்பு ரீச்சர். இடையில் அவருடைய குரல் தடுக்கியது. நான் நிற்கவில்லை. கடற்கரையில் ஆள் தேடிய காலத்தில், தடுக்கும் இடத்தில் நின்றால் இரண்டு பேரும் விழுந்துவிடுவோம் என்று பழகியிருந்தேன்.

6

தொண்டு நிறுவனத்தில் என்னோடு வேலை செய்தவள் தவமணி. திருக்கோவில்காரி. சுனாமியில் தன் மூத்த மகனைக் கொடுத்தவள். அடுத்தடுத்த மேசைகளில் இருந்து இரண்டு வருடம் சண்டை பிடித்தோம், ஒன்றாகச் சாப்பிட்டோம். அப்போது வவுனியாவில், சனங்களை அடைத்து வைத்த முகாம்களில் நிவாரண வேலை செய்தாள். தொலைபேசி அட்டை வாங்கி அவளுக்கு எடுத்தேன்.

"பேரை வெச்சித் தேடுறது லேசில்ல கா" என்றாள். "ஒவ்வொரு கூடாரத்திலயும் ஒரு வசந்தி இரிக்கா. நீ ஆருக்காகத் தேடுறாய்?"

"எனக்குப் புடிக்காத ஒரு ஆளுக்கு."

அவள் சிரித்தாள். "அப்ப கட்டாயம் தேடத்தான் வேணும். ரீச்சர் எண்டாய் என்ன? பொறு. மரத்துக்குக் கீழ புள்ளையளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர்மார் கொஞ்சப் பேர் இரிக்காங்க. முதல் அவங்களிட்டக் கேக்கன்."

பல நாள் ஒன்றும் இல்லை. மகேந்திரனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிறகு ஒரு காலை, ஹனாவுக்குப் பாணில் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது தவமணி எடுத்தாள். அவள் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு, ஹனாவைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றினேன். பிறகு மகேந்திரனுக்கு எடுத்தேன். எந்த ஆயத்தமும் செய்யவில்லை.

"தங்கச்சி இரிக்கா" என்றேன். "மகளும் இரிக்கா. ரெண்டு பேருக்கும் காயமில்ல."

மறுபக்கம் ஒரு சத்தம். அழுகையா மூச்சா தெரியவில்லை. அவர் மற்ற இரண்டு பெயர்களுக்காகக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பை எனக்குத் தெரியும். அதை நீட்டக் கூடாது என்றும் தெரியும்.

"மச்சான் இல்ல, மகேந்திரன். மகனும் இல்ல. அவ தன்ட கையாலதான் அடக்கினவவாம்."

நான் வெட்டவில்லை. அவருடைய அலுவலகத்தில் யாரோ சிரிப்பதும், வேறெங்கோ தொலைபேசி அடிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர்தான் வைத்தார், நன்றி கூடச் சொல்லாமல். இந்த நாட்டில் நான் கதைத்த அழைப்புகளில் நன்றி சொல்லாமல் முடிந்தது அது ஒன்றுதான். அதை மட்டும்தான் நான் மதிக்கிறேன்.

7

சில கிழமை கழித்து, மகேந்திரனின் வங்கியில் இருந்து நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். அவர் தன் மேலதிகாரிக்கு எழுதியிருந்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த மேலதிகாரி கையைக் குலுக்கி, உட்காரச் சொல்லி, மேசையில் முன்னுக்குச் சாய்ந்து, "மகேந்திரன் சொன்னார், உங்களிடம் நம்ப முடியாத ஒரு கதை இருக்கிறதாம். எனக்கும் சொல்லுங்களேன்" என்றார்.

வெளியே கோடை. நஸீரின் இடுப்பு ஞாபகம் வந்தது. வாடகை ஞாபகம் வந்தது. இந்த வேலை போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. வாய் மட்டும் மறுத்தது.

"அதைப் பற்றி நான் கதைக்க விரும்பவில்லை. நான் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள்" என்றேன்.

அவருடைய கழுத்து சிவந்தது. கடதாசிகளைப் புரட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "மாத முடிவில் வங்கிக் கூற்றும் உங்கள் காசேடும் பொருந்தவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?"

எவ்வளவு வறண்ட கேள்வி! அதைக் கேட்டபோது என் கண் நிறைந்தது. கல்முனைக் கிளையில் முதல் வருடம் படித்த விடயம். மெதுவாக, முழுதாகப் பதில் சொன்னேன். அவர் அடுத்ததைக் கேட்டார். அதற்கும் சொன்னேன். அந்த அறையில் கொஞ்ச நேரம் இரண்டு கணக்காளர்கள் இருந்தார்கள், வேறு யாரும் இல்லை.

தற்காலிக வேலை தந்தார்கள், கடைசிப் படியில். கடன் கோப்புகளைச் சரிபார்ப்பது. ஊரில் எனக்குக் கீழே இருந்தவர்கள் செய்த வேலை. எடுத்துக்கொண்டேன்.

மகேந்திரன் அதே கட்டடத்தில் மேல் மாடியில் இருந்தார். மின்தூக்கியில் சந்தித்தால் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அன்று சொன்னதை அவர் திருப்பி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நாங்கள் கூட்டாளிகள் ஆகவில்லை.

போன கிழமை இதையெல்லாம் ஹனாவுக்குச் சொன்னேன். சாப்பாட்டைக் கிளறிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "ஸோ, நெட்வொர்க்கிங் வேலை செஞ்சிரிக்கிதானே உம்மா" என்றாள்.

கோபத்தில் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். அவள் சொன்னது பிழையில்லை என்பதுதான் கோபம். கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்து நின்று, "மூத்தம்மாட பேர் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். உச்சரிப்புப் பிழை. திருத்தினேன்.

8

அந்த வருடக் கடைசியில் வசந்தியை முகாமில் இருந்து விட்டபோது இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வவுனியாவில் ஒரு உறவுக்காரர் வீட்டில் இருந்து, தவமணியிடம் என் இலக்கம் வாங்கி எடுத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். நான் வங்கியின் படிக்கட்டில் போய் நின்று கதைத்தேன்.

இருவருக்கும் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. மகள் எப்படி என்று கேட்டேன். சாப்பிடுறாள் என்றாள். அங்கே மழையா என்றேன். விட்டிட்டுது என்றாள். அவளுடைய கணவனைப் பற்றியோ மகனைப் பற்றியோ நான் கேட்கவில்லை. சுனாமியைப் பற்றி அவளும் கேட்கவில்லை. தவமணி சொல்லியிருப்பாள், ஆனாலும் கேட்கவில்லை.

வைக்கப் போகும் நேரம் தயங்கினாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்க."

"அண்ணா உங்களோட ஒழுங்காக் கதைச்சவரோ?"

டயான் என்ன சொல்லித் தந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"இல்ல தங்கச்சி" என்றேன். "ஒழுங்காக் கதைக்கல்ல."

வசந்தி சிரித்தாள். பழகாத, கரகரத்த சிரிப்பு, பாதியில் இருமலாக மாறியது.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அவர் சின்னனில இருந்தே அப்பிடித்தான். இருங்கோ, இண்டைக்கு அவருக்குப் போன் எடுத்துக் கிழிக்கிறன்."